கனமில்லாத துப்பாக்கி

திலகவதியம்மாவிடம் சீடர்களாக வந்து சேர்ந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் இடுப்பில் துப்பாக்கியோடு வந்தவர் தெய்வேந்திரன் ஒருவர்தான்.

அவருக்கு அறுபத்தாறு வயது. திலகவதியம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓட்டு வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டவர். காவி கட்டுவதில்லை. தீட்சை கொடுப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டிவிட்டு வருவார். யாராவது எதையாவது கேட்டால், தோன்றினால் பதில் சொல்வார்.

தெய்வேந்திரனுக்குப் போடிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டம். முப்பது வருடங்களுக்கு முன்னால் எல்லைத் தகராறில் அவருடைய தம்பி ஜெகதீசனை ஜீப் பாதையில் மறித்து மூன்று பேர் வெட்டினார்கள். தெய்வேந்திரனும் அந்த ஜீப்பில்தான் இருந்தார். குதித்து ஓடி ஏலச்செடிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். "அண்ணே" என்று தம்பி கூப்பிட்டது கேட்டது. இரண்டு தடவை கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

வழக்கு நடந்து மூன்று பேரும் ஜெயிலுக்குப் போனார்கள். இரண்டு பேர் உள்ளேயே செத்தார்கள். மூன்றாவது ஆள் வைரமணி, தண்டனை முடிந்து வெளியே வந்து எங்கேயோ போய்விட்டான் என்று கேள்வி.

தம்பி செத்த மறுவருடம் தெய்வேந்திரன் லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். அன்றிலிருந்து அது அவரை விட்டுப் பிரிந்ததில்லை. குளிக்கும்போது சோப்புப் பலகையில் இருக்கும். தூங்கும்போது தலைமாட்டில் இருக்கும். மனைவிக்குக் கொள்ளி வைத்த அன்றும், ஈரவேட்டிக்கு மேலே துண்டைச் சுற்றி அதற்குள் இருந்தது. அதை வைத்து அவர் யாரையும் சுட்டதில்லை.

மகள் சுகந்தி கோயம்புத்தூரில் இருந்தாள். ஒரு தடவை அவளுடைய குழந்தை தவழ்ந்து போய்த் தாத்தாவின் தலையணையை இழுத்துவிட்டது. அன்று சாயங்காலமே கிளம்பினாள். "அது இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் நான் வரமாட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். நாலு வருடம் ஆகிவிட்டது.

தெய்வேந்திரன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருவார். கிணற்றில் தண்ணீர் இறைத்து ஊற்றுவார், கட்டுத்துணிகளைக் கொதிக்கவைத்து உலர்த்துவார், போய்விடுவார். தம்பியின் கதையை முதல் நாளே சொல்லியிருந்தார்; அதற்குப் பிறகு ஐந்து வருடத்தில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

அம்மா வாசலில் உட்கார்ந்து பழைய வேட்டி ஒன்றை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளுங்க."

தெய்வேந்திரன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலின் மூட்டு நெல்லிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"வாதம்ங்கறாங்க. ரிவால்வரோட விசை ரொம்ப இறுக்கம். போன மாசம் மதுரை ரைபிள் கிளப்புல பயிற்சிக்குப் போனேன். விசையை இழுக்க முடியல. ரெண்டு கையும் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"அப்புறம்?"

"அங்க ஒரு டாக்டர் வருவாரு. தன்னோட பிஸ்டலை எடுத்துக் குடுத்தாரு. இதைப் போட்டுப் பாருங்க சார்னு. புதுசா வந்திருக்கறது. உடம்பு பூராவும் பாலிமர். பிளாஸ்டிக் மாதிரிதாம்மா இருக்கு. சின்னப் பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்னு முதல்ல சிரிச்சேன். இரும்பு இல்லாத துப்பாக்கி ஒரு துப்பாக்கியான்னு முப்பது வருஷமா ஏளனம் பேசினவன் நான்." அவர் குரல் இறங்கியது. "கையில வாங்கினேன். கையில இருக்கறதே தெரியல. விசை லேசா அசைஞ்சாப் போதும். பத்துத் தோட்டா. பத்தும் பலகையில விழுந்துச்சு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அம்மா பார்த்ததில்லை.

"நல்லா இருந்துச்சா?"

"பொய் சொல்லக்கூடாது. நல்லா இருந்துச்சும்மா. அதுக்கப்புறம் மூணு தடவை போயிட்டேன், அதைத் தொட்டுப் பார்க்கறதுக்காகவே. உள்ளங்கையளவுதான் இருக்கு. சட்டைக்குள்ள வச்சா ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்கும்னா?"

தெய்வேந்திரன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சுகந்திக்கும்தான்."

அம்மா துணியைக் கிழித்தார்.

"பழசைக் கடையில ஒப்படைச்சுட்டு லைசென்ஸ்ல மாத்திக்கலாமாம்" என்றார் அவர். "ரிவால்வரைக் குடுத்துட்டேன் தாயின்னு அவகிட்ட சொல்லலாம். அது பொய் இல்லையே. பேரனும் வருவான்."

"சரி. எல்லாம் முடிவு பண்ணிட்டீங்க. என்கிட்ட என்ன கேக்கணும்?"

"முப்பது வருஷம் கூடவே இருந்ததும்மா. அதை விட்டுட்டு இதுக்குப் போறது சரியா, தப்பா? வேற ஒண்ணும் வேண்டாம். பழசா, புதுசா? அதை மட்டும் சொல்லுங்க."

"புதுசு வந்தா தூக்கம் வருமா?"

தெய்வேந்திரன் யோசித்தார். தூக்கம் என்று ஒன்று இருப்பதையே அப்போதுதான் நினைத்துப் பார்த்தவர் போல இருந்தார்.

"தெரியலம்மா."

அம்மா கிழித்த துணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வாங்க. இங்க பக்கத்துல ஒருத்தருக்குப் படுக்கைப் புண். கட்டு மாத்தணும். ஒரு ஆள் புரட்டிப் பிடிச்சா எனக்குச் சுலபம்." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "தோட்டாவை எடுத்து வச்சுட்டு வாங்க."

"துப்பாக்கியே இங்க இருக்கட்டுமேம்மா."

"விட்டுட்டு வர முடியுமா உங்களால?"

தெய்வேந்திரன் உறையை அவிழ்க்கப் போனார். கை பாதியில் நின்றுவிட்டது. பிறகு ஆறு தோட்டாக்களை மட்டும் எடுத்து அம்மாவின் அலுமினியத் தட்டில் வைத்தார். வெறும் ரிவால்வரை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டார்.

இரண்டு தெரு தள்ளிப் போனார்கள். வெயில் ஏறியிருந்தது. தகரம் வேய்ந்த வீட்டின் முன்னால் ஒரு பெண் திராட்சைக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. காலையிலேயே ஆரம்பிச்சுட்டாரு எங்க மாமனாரு."

"என்ன?"

"அதேதான். செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், வந்துட்டான் வந்துட்டான்னு ஒரே அலறல். யாரு வந்துட்டாங்கன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாரு. நானும் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து கேக்கறேன்."

அவள் கூடைகளோடு தோட்டத்துக்குப் போனாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். தெய்வேந்திரன் பின்னால் போனார்.

உள்ளே இருட்டு. மூத்திரமும் மருந்தும் கலந்த வாடை. கயிற்றுக் கட்டிலில் ஒரு எலும்புக்கூடு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாய் கோணியிருந்தது. வலது பக்கம் முழுவதும் செத்துப்போயிருந்தது.

அம்மா ஜன்னலைத் திறந்தார். வெளிச்சம் உள்ளே வந்தது.

கட்டிலில் கிடந்தவர் தெய்வேந்திரனின் முகத்தைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை. மூச்சுவிடுவது போல மெதுவாகச் சொன்னார்.

"வந்துட்டான்."

அந்தக் கண்களைத் தெய்வேந்திரன் கோர்ட்டில் நாற்பது வாய்தா பார்த்திருக்கிறார்.

வைரமணி.

வைரமணியின் இடது கை பாய்க்கு அடியில் துழாவியது. ஒரு அரிவாளின் பிடி வெளியே வந்தது. தூக்கப் பார்த்தார். அரிவாள் அரையடி எழும்பி, கட்டில் சட்டத்தில் இடித்து விழுந்தது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விழுந்தது. கடைவாயில் எச்சில் ஒழுக, அவர் தூக்கிக்கொண்டே இருந்தார்.

தெய்வேந்திரனின் கையில் ரிவால்வர் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. தோட்டா இல்லை என்பதும் நினைவில் இல்லை. முழுப் பலத்தையும் கூட்டி விசையை இழுத்தார். வீங்கிய விரல் மடங்கவில்லை. வலி தோள்வரை ஏறியது. இழுத்தார். கண்ணில் நீர் கொட்டியது. விசை அசையவில்லை.

இரண்டு பேருக்கும் மூச்சு இரைத்தது.

அம்மா நடுவில் வந்து நிற்கவில்லை. யாரையும் அதட்டவில்லை. பைக்குள்ளிருந்து துணியை எடுத்து வைரமணியின் வாயைத் துடைத்தார். விரல்களைப் பிரித்து அரிவாளை வாங்கி, இருந்த இடத்திலேயே பாய்க்கு அடியில் வைத்தார். பிறகு தெய்வேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்.

"இடுப்புக்குக் கீழ புண். அந்தப் பக்கமா வந்து புரட்டிப் பிடிங்க."

தெய்வேந்திரன் வெளியே ஓடினார்.

அடிபம்பு மேடையில் உட்கார்ந்தார். ரிவால்வர் இன்னும் கையிலேயே இருந்தது. விரலை அதிலிருந்து எடுக்க இடது கை தேவைப்பட்டது. உள்ளே அம்மா தனியாகப் புரட்டுவதும், வைரமணி முனகுவதும் கேட்டது. அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

அம்மா கை கழுவ வந்தார். தெய்வேந்திரன் ரிவால்வரை மேடையில் வைத்துவிட்டு எழுந்து பம்பை அடித்தார்.

"சுட்டிருப்பேம்மா."

"தெரியும். அதனாலதான் தோட்டாவை வச்சுட்டு வரச் சொன்னேன்."

"எனக்குத் தோட்டா நினைப்பே இல்லை. விரல் வரல. அதான் சுடல. கையில அந்தப் புதுசு இருந்திருந்தா..." வீங்கிய விரலைப் பார்த்தார். "லேசா அசைஞ்சாப் போதுமே, அதுக்கு."

அம்மா முழங்கைவரை கழுவினார்.

"என் தம்பியை வெட்டினவனைத் தொட்டுக் கழுவுறீங்க. எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அவன் யாருன்னு தெரிஞ்சேவா?"

"ஆறு மாசம் முன்னால அவரே சொன்னார். ஜெயில்லேர்ந்து வந்த நாளா ஒரு மனுஷன் இடுப்புல துப்பாக்கியோட தன்னைத் தேடிக்கிட்டே இருக்கான்னு. ஊரு ஊரா வீடு மாத்தியிருக்கார். பாய்க்கடியில அரிவாள் இல்லாம ஒரு நாளும் படுத்ததில்லையாம்."

"நான் அவனைத் தேடவே இல்லையேம்மா! அவன் என்னைத் தேடி வந்துடுவான்னுல்ல நான்..."

பம்பு நின்றுவிட்டது. அம்மா ஈரக்கையோடு காத்திருந்தார். தெய்வேந்திரன் மறுபடியும் அடித்தார்.

அடித்துக்கொண்டே கேட்டார். "நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. பழசா, புதுசான்னு. அதுக்கு எதுக்கும்மா இவன்கிட்டக் கூட்டிட்டு வந்தீங்க?"

"போன வாரம் இவரும் என்கிட்ட ஒண்ணு கேட்டார்."

"என்ன கேட்டான்?"

"அரிவாள் கனமா இருக்கு, கை தூக்க மாட்டேங்குது. கனமில்லாம சின்னதா ஒரு கத்தி வாங்கிட்டு வாங்கன்னார். தலையணைக்குள்ள வச்சா மருமகளுக்கும் தெரியாதாம்."

தெய்வேந்திரன் பம்புப் பிடியை விட்டார்.

"வாங்கிக் குடுத்துட்டீங்களா?"

"இல்ல. கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைத்தான்" என்றார் அம்மா. "சொல்லுங்க. வாங்கிக் குடுக்கட்டுமா?"

தெய்வேந்திரன் மேடையில் கிடந்த ரிவால்வரைப் பார்த்தார்.