கிண்ணம் நிறைய நுரை

ஜப்பானில் பனி அதிகம் விழும் ஓர் ஊரில் தேநீர்ச் சடங்கு சொல்லித்தர இரண்டு மரபுகள் இருந்தன. ஆற்றங்கரை மரபில் தேநீர் அறைக்குள் இடது காலை முதலில் வைப்பார்கள். மலையடி மரபில் வலது காலை. ஆற்றங்கரைக்காரர்கள் மூங்கில் மத்தால் தேநீரை லேசாகக் கடைந்து, மேலே ஓரிடத்தில் நுரை படியாமல் விடுவார்கள். மலையடிக்காரர்கள் கிண்ணம் நிறைய நுரை வரும்வரை கடைவார்கள். இதற்காகவே ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரை மரபின் குரு கென்சாய். அவரிடம் வெகுகாலமாகப் படித்துவந்தவன் ஷிகெரு. நாற்பதை நெருங்கிவிட்டான். கிண்ணம் துடைக்கும் துணியை மடிக்கும்போது கட்டைவிரல் துருத்துகிறது, கரண்டியை வைத்தால் சத்தம் வருகிறது என்று குரு இன்னும் திருத்திக்கொண்டேதான் இருந்தார். ஆனாலும் அவருக்குப் பிறகு அந்தத் தேநீர் அறை தனக்குத்தான் என்று ஷிகெரு நினைத்திருந்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

கோடையில் நவோயா வந்தான். வயதில் சின்னவன். மலையடி மரபில் தோசென் என்பவரிடம் படித்தவன். தோசென் இறந்துவிட்டார், இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். கென்சாய் ஒரு கிண்ணம் தேநீர் போடச் சொன்னார். அவன் வலது காலை வைத்து உள்ளே வந்து, நுரை பொங்கக் கடைந்து கொடுத்தான். குரு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நாளையிலிருந்து வா என்றார். ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை.

ஷிகெருவுக்கு வயிறு எரிந்தது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று மனைவி கேட்டதற்கு, நுரை என்று எரிந்துவிழுந்தான்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"அவனை மட்டும் ஏன் திருத்துவதில்லை, குருவே?"

"தோசென் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இவன் கையில் அவர் இன்னும் இருக்கிறார்."

இந்தப் பதில் ஷிகெருவுக்குப் போதவில்லை. அன்றிலிருந்து நவோயா தேநீர் போடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தான். மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது, மூச்சை எங்கே விடுகிறான், மத்தை எடுக்கும்முன் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறான், எதையும் விடவில்லை. கண்ணை மூடினாலும் அந்தக் கைதான் வந்தது. எல்லாம் ஒரு குற்றம் கண்டுபிடிக்கத்தான். கண்டுபிடித்ததும் குருவிடம் ஓடினான்.

"தண்ணீர் மொள்ளும்போது அவனுடைய சுண்டுவிரல் விலகுகிறது, குருவே."

"அப்படியா? நான் கவனிக்கவில்லையே" என்றார் கென்சாய்.

குளிர்காலம் தொடங்கும்போது அறையின் தரையில் பதித்த அடுப்பைத் திறந்து, முதல் தேநீர் போடுவது வழக்கம். மரபின் பெரியவர்கள் எல்லாம் வருவார்கள். குரு தன் இடத்தில் யாரைப் போடச் சொல்கிறாரோ அவர்தான் அடுத்த குரு. அந்த வருஷம் கென்சாய், ஷிகெரு போடட்டும் என்று சொல்லிவிட்டார்.

நவோயா வணங்கி வாழ்த்தினான். அந்த வாழ்த்துகூட ஷிகெருவுக்குப் பிடிக்கவில்லை. விருந்தாளிகளின் வரிசையில் அவனும் உட்காருவான் என்று தெரிந்ததும் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது. உட்காரட்டும், இன்றைக்கு அவன் என்னைப் பார்க்கட்டும் என்று தேற்றிக்கொண்டான்.

கதவைத் தள்ளி உள்ளே வந்தான். துணியை மடித்தான். கட்டைவிரல் துருத்தவில்லை. கரண்டி சத்தம் போடவில்லை. இவ்வளவு சுலபமாக அவனுக்கு ஒருநாளும் கைவந்ததில்லை. கிண்ணத்தை முதல் விருந்தாளியின் முன் வைத்தபோதுதான் பார்த்தான். ஓர் இடம் விடாமல் நுரை பொங்கியிருந்தது. உள்ளே எடுத்து வைத்ததும் வலது கால்தான் என்று அப்போது நினைவுக்கு வந்தது.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் இருந்த நவோயா தலையைக் குனிந்துகொண்டான். கென்சாய் தன் முறை வந்ததும் கிண்ணத்தை வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

எல்லோரும் போன பிறகு ஷிகெரு அடுப்பருகே உட்கார்ந்து அழுதான். மரபைக் கெடுத்துவிட்டேன், என்னை அனுப்பிவிடுங்கள், இந்த அறையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றான்.

குரு இடுக்கியால் தணலை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"தேநீர் நன்றாக இருந்தது. இப்படிப் போட யார் சொல்லித்தந்தார்கள்?"

"யாரும் இல்லை."

"நவோயா?"

"அவனோடு நான் பேசுவதுகூட இல்லை, குருவே. அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது."

கென்சாய் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷம் உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். என் கையை நீ ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை" என்றார். "தோசென் செத்துப்போயும் இரண்டு பேர் கையில் இருக்கிறார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது, ஷிகெரு."