ரூட் மூன்றும் ரூட் பன்னிரண்டும்

எங்கள் மாவு மில்லின் மாடியில் சாயங்காலம் ஒரு கணக்கு வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, தலை நரைத்த பிறகு ரோஷம் வந்த எங்களை மாதிரி ஆட்களுக்கு. சொல்லித் தருகிறவர் பிரபாவதி டீச்சர். என் மகளைவிடச் சின்னவர். ஆனாலும் மாடிப்படி ஏறிவிட்டால் அவர்தான் குரு, நாங்கள் சிஷ்யர்கள். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

வகுப்பில் ஒரே ஒரு கட்டுப்பாடு. கடைசி வரி வரும்வரை ரூட்டை, அதாவது வர்க்கமூலத்தை, திறக்கக் கூடாது. ரூட் மூன்று என்றால் அதை ரூட் மூன்றாகவே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டு ஒன்று புள்ளி ஏழு என்று எழுதினால் டீச்சர் திட்ட மாட்டார். டஸ்டரைக் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். இரண்டு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அதிகம் டஸ்டர் வாங்கியவள் மங்கையர்க்கரசி. பின் தெருவில் ஜாக்கெட் தைக்கிறாள். எந்நேரமும் கழுத்தில் டேப் தொங்கும். டேப்பில் இல்லாத எண்ணை அவள் எண்ணாகவே மதிக்க மாட்டாள். ரூட்டைக் கண்டால் கை பரபரக்கும். அதற்கு ஓர் அளவு போட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஒரு நாள் அவளுக்கு மனசு சரியில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவள் அக்கா திலகவதிக்குத் திருச்சியில் ஆபரேஷன். கொஞ்சம் பெரிய ஆபரேஷன். சித்தி பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று அம்மா சொல்வதாக அக்கா மகன் போன் பண்ணியிருந்தான். மறுநாள் காலையில் மதுரையை விட்டுக் கிளம்பினால்தான், உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அக்கா முகத்தைப் பார்க்க முடியும்.

ஆனால் தங்கள் அம்மா இறந்ததிலிருந்து அக்கா தங்கை இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள் மங்கை. திலகவதி கடைசி நேரத்தில் வந்தாள். அழுதாள். அழுதுகொண்டே, இன்னும் கொஞ்சம் நல்லாப் பார்த்திருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். யாரைச் சொன்னாள், தன்னையா தங்கையையா, அதுகூட யாருக்கும் தெரியாது. மங்கை அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள். அத்தனை நாள் அக்கா ஏன் வரவில்லை என்று இவள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அன்று கோதுமை அரைக்க வந்தபோது மங்கை என்னிடம் கொட்டித் தீர்த்தாள். அம்மாவுக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று முதலில் ஒரு முடிவு தெரிய வேண்டுமாம். அது தெரிந்த பிறகுதான் பஸ் ஏறுவாளாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளோடு என்னடி வழக்கு என்றேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனாலும் சாயங்காலம் வகுப்புக்கு வந்தாள். டீச்சர் போர்டில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டார். கோணத்துக்கு எதிர்ப்பக்கம் ரூட் மூன்று. கர்ணம் ரூட் பன்னிரண்டு. அந்தக் கோணத்தின் சைன் என்ன என்று கேட்டு மங்கையைக் கூப்பிட்டார்.

எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் வகுப்பதற்கு முன்பே ரூட் மூன்றுக்குத் தனியாக ஓர் அளவு எடுத்தாள், ஒன்று புள்ளி ஏழு. ரூட் பன்னிரண்டுக்குத் தனியாக ஓர் அளவு, மூன்று புள்ளி ஐந்து. பிறகு வகுத்தாள். பூஜ்யம் புள்ளி நாலு எட்டு ஐந்து ஏழு என்று அது அனுமார் வால் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. போர்டில் இடம் தீர்ந்துவிட்டது, வகுத்தல் தீரவில்லை.

டீச்சர் டஸ்டரைக் கொடுத்தார். ஜன்னலோரம் போனார்.

மங்கை எல்லாவற்றையும் அழித்தாள். பாவம், கண் கலங்கியிருந்தது. டீச்சர் ஜன்னலிலிருந்தபடியே, இரண்டையும் ஒன்றும் செய்யாமல் மேலும் கீழுமாக எழுதச் சொன்னார். எழுதினாள். பன்னிரண்டை நாலு மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். பிரித்தாள். நாலு, ரூட்டை விட்டு இரண்டாக வெளியே வந்தது. இப்போது மேலே ஒரு ரூட் மூன்று, கீழே இரண்டு ரூட் மூன்று. மேலும் கீழும் இருந்த ரூட் மூன்றை அடித்தாள். மிச்சம் இரண்டில் ஒன்று.

சரிபாதி. அவ்வளவு நேரம் வகுத்தும் வராத பாதி. எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மங்கை போர்டை விட்டு நகரவில்லை.

“ரூட் மூணு சரியா எவ்வளவு டீச்சர்?”

“எழுதி முடியாது.”

“ரூட் பன்னிரண்டு?”

“அதுவும் முடியாது.”

“ரெண்டும் முடியாதது. பாதி மட்டும் எப்படி முடிஞ்சுது?”

“ரெண்டும் மேலயும் கீழயுமா ஒரே இடத்துல இருந்துச்சு,” என்றார் டீச்சர்.

வகுப்பு கலைந்தது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். நான் கதவைப் பூட்ட வேண்டியவள் என்பதால் நின்றேன். மங்கையும் போகவில்லை. தயங்கித் தயங்கி அக்கா கதையை டீச்சரிடம் சொன்னாள். அம்மாவின் படுக்கையை, ஆபரேஷனை, அந்த ஒரு வார்த்தையை, எதையும் விடவில்லை. சொல்லிவிட்டு, கணக்குக்கு விடை கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

“எங்க அம்மாவுக்கு நான் செஞ்சதுல அவ எவ்வளவு செஞ்சிருப்பா? பாதியா, காலா? அது தெரிஞ்சா நான் போயிருவேன் டீச்சர்.”

டீச்சர் திருப்பிக் கேட்டார்.

“நீங்க செஞ்சது எவ்வளவு?”

மங்கை சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டது, தூங்காமல் விசிறியது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஒரு கட்டத்தில் அழுகை வந்து பேச்சு நின்றுவிட்டது.

“சொல்லி முடியாது டீச்சர்,” என்றாள்.

“சரி. அவங்க செஞ்சது?”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கீழே எழுத வேண்டியது மட்டும்தான் உங்ககிட்ட இருக்கு, மங்கைம்மா. மேலே எழுத வேண்டியது திருச்சியில படுத்திருக்கு.”