ராயப்பன் பெயர் போட்ட வரைபடம்

கோயம்புத்தூர்ப் பம்ப் கம்பெனி ஒன்றில் தண்டபாணி என்று ஒரு தலைமை டிசைனர். ஐந்து லட்ச ரூபாய் சாஃப்ட்வேர் இல்லாமல் ஒரு கோடுகூடப் போட மாட்டேன் என்பார். அவருக்குக் கீழே இருந்த கோகிலவாணிக்குக் கிடைத்ததோ, முன்பு அங்கே டிசைனராக இருந்து செத்துப்போன ராயப்பனின் பழைய கம்ப்யூட்டரும் அதிலிருந்த இலவச சாஃப்ட்வேரும்தான்.

"அந்த விளையாட்டுச் சாமானையும் இவளையும் வெளிய அனுப்புங்க. இதப் பாருங்க, என் வேலை!" என்று முதலாளி முன்னால் ஒரு பம்ப் வரைபடத்தை விரித்தார் தண்டபாணி.

"இது நீங்க வரைஞ்சதுங்களா?" என்றாள் கோகிலவாணி.

"பின்னே யாராம்?"

"மூலையில ராயப்பண்ணன் பேர் இருக்குதுங்களே. நேத்துத் தேதி போட்டிருக்குது."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வரைந்தவர்: ராயப்பன். அவரை அடக்கம் செய்து ஒரு வருஷம் ஆகிறது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் கம்ப்யூட்டரிலிருந்து சுட்டதை எப்படிச் சொல்வார் தண்டபாணி? முகம் வெளிறியது. "ஆவிங்க! அந்தாளு இன்னும் இங்கதான் சுத்துறாரு. அவர்தான் வரைஞ்சிருக்காரு!"

"இருக்கும்ங்க" என்றாள் அவள். "என் சாஃப்ட்வேர்ல புதுத் தாள் எடுத்தா அவர் பேரோடதான் வரும். அழிக்க மனசு வரல. ஆனா ஆவியே வந்தாலும் இலவசத்துலதான் வரையுது. அஞ்சு லட்சம் எதுக்குங்க?"

முதலாளி தண்டபாணியை ஏற இறங்கப் பார்த்தார். "நாளையிலிருந்து உன் பேரப் போடும்மா. இவர் நாற்காலியும் உனக்குத்தான்."

மறுநாள் காலையில் பெயரை மாற்றுவதற்காகக் கோகிலவாணி புதுத் தாளைத் திறந்தாள்.

வரைந்தவர்: கோகிலவாணி.

அவள் கை இன்னும் கீபோர்டைத் தொடவே இல்லை.