சுவரை உரசிய ஓட்டம்

ஜெபசெல்விக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் பாடம் கேட்ட முத்துமாலைக்கு ஐம்பத்தேழு. தூத்துக்குடி ஐஸ் கம்பெனி ஒன்றில் கம்ப்ரசர் மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை விட்டவர்.

பாடம் ஒரு பழைய துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டின் நிரலைப் பற்றியது. 'இருட்டுக் கோட்டை' என்று பெயர். அதைச் செய்தவர்கள் ஒரு நாள் அதன் நிரலை ஊருக்கே திறந்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இன்றைய கணினிகளிலும் அது ஓடும்படி செப்பனிட்டு வெளியிடுகிறவர்களில் ஜெபசெல்வியும் ஒருவர்.

ஒரு ஞாயிறு காலை முத்துமாலை வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“டீச்சர், நிரல்ல தப்பு இருந்தா திருத்தணுமா, வேண்டாமா?”

“திருத்தணும் அண்ணாச்சி.”

“எவ்வளவு பழைய தப்பா இருந்தாலும்?”

“யாரு மேல கோவம்?”

முத்துமாலை உட்கார்ந்தார்.

“கஸ்பார் மேல. என்கூட வேலை பாத்த பய. தொண்ணூத்தொம்பதுல பிரவுசிங் சென்டர்ல இந்த ஆட்டத்துக்குப் போட்டி வச்சாங்க. ஏழாவது லெவல நான் ஒரு நிமிஷம் நாப்பத்திமூணு செகண்ட்ல முடிச்சேன். அவன் நாப்பத்திரெண்டு. எப்படி? சுவர உரசிக்கிட்டே ஓடினான். உரசினா வேகம் கூடும். அது நிரல்ல உள்ள ஓட்டை. அன்னைக்கே கத்தினேன், ஒருத்தனும் கேக்கல. இப்ப அது எந்த வரின்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

“அவர்கிட்ட பேசுறதில்லையா?”

“அவன் மக கல்யாணத்துக்குப் போனேன். ரெண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். பேசல.”

ஜெபசெல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி, திருத்தினதக் காட்டுங்க.”

நான்கே வரிகள். இரண்டு முறை படித்தார்.

“சுத்தமா எழுதியிருக்கீங்க.”

“அப்போ இன்னைக்கு வெளியிடுறதுலயே சேத்துருங்க. உலகம் பூரா போகட்டும். இனிமே எவனும் அப்படி ஓட முடியாது. அவன் ஜெயிச்சது செல்லாது.”

ஜெபசெல்வியிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் திருத்தமானாலும் பழைய ஆட்டப் பதிவுகளை அதில் ஓட்டிப் பார்த்த பிறகே சேர்ப்பார். அந்தப் பதிவுகளில் படம் கிடையாது. ஆடியவர் எந்த நொடியில் எந்த விசையை அழுத்தினார் என்ற குறிப்பு மட்டும்தான். நிரல் அதைப் படித்து ஆட்டத்தை மறுபடி ஆடிக் காட்டும்.

அந்தப் போட்டியின் இரண்டு பதிவுகளும் முத்துமாலையிடம் இருந்தன. பிளாப்பியிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து பென் டிரைவுக்கு என்று மாற்றி மாற்றிக் காப்பாற்றி வந்தார். பகையையும் அப்படித்தான்.

“கஸ்பாரோடத முதல்ல ஓட்டுங்க.”

திரையில் கஸ்பாரின் வீரன் புறப்பட்டான். சுவரை உரசினான். வேகம் கூடவில்லை. கதவுக்கு நாலடி முன்பே திரும்பி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். அன்று அழுத்திய விசைகள் அன்று அழுத்தியபடியே வந்துகொண்டிருந்தன. இல்லாத அரக்கனைச் சுட்டான். இல்லாத படியில் ஏறப் பார்த்தான். பின்னால் வந்த நிஜ அரக்கன் நிதானமாக அடித்துப் போட்டான்.

முத்துமாலை தொடையைத் தட்டிச் சிரித்தார். “இன்னொரு தடவை!”

மூன்று தடவை பார்த்தார்.

“உங்களோடத?” என்றார் ஜெபசெல்வி.

“தாராளமா ஓட்டுங்க. நான் நடுவழியில ஓடினவன்.”

முத்துமாலையின் வீரன் புறப்பட்டான். முதல் கதவு. இரண்டாவது கதவு.

“பாருங்க, பாருங்க, என்ன ஓட்டம்!”

மூன்றாவது கதவுக்கு முன்னால் ஒரு வளைவு. வீரன் கதவைத் தவறவிட்டுப் பக்கத்துத் தூணில் முட்டினான். தூணைச் சுட்டான். விடாமல் சுட்டான். குண்டு தீர்ந்ததும் தூணைக் கையால் குத்தத் தொடங்கினான்.

“என்ன ஆச்சு இவனுக்கு?”

ஜெபசெல்வி திருத்தத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். வளைவில் நிறுத்தினார். வீரனின் இடது தோள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முத்துமாலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“எவ்வளவு நேரம் உரசியிருக்கேன்?”

“அரை செகண்ட். வளைவுல மட்டும்.”

“தெரிஞ்சு உரசல டீச்சர்.”

“நிரலுக்கு அது தெரியாது அண்ணாச்சி.”

 முத்துமாலை திருத்தத்தைத் தானே மறுபடி போட்டு, தன் பதிவை ஓட்டினார். வீரன் தூணைக் குத்தினான். முத்துமாலையின் வயிறு முதலில் குலுங்கியது.

“ஏ மூதேவி, தூணு உன்ன என்னல பண்ணிச்சு!”

கஸ்பாரின் ஓட்டத்துக்குச் சிரித்ததைவிடப் பெரிதாகச் சிரித்தார். ஜெபசெல்வியும் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். வீரன் குத்திக்கொண்டே இருந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துமாலை கேட்டார்.

“அப்போ இதச் சேக்கவா, வேண்டாமா?”

“சேப்போம். பழைய பதிவுக்குப் பழைய விதி. இனிமே ஆடுறவங்களுக்கு உங்க விதி.”

“என் விதியில நான் எத்தனை செகண்ட்? அவன் எத்தனை செகண்ட்?”

ஜெபசெல்வி இன்னொரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டார்.

“அது கஸ்பார் அண்ணாச்சியும் வந்து ஆடினாத்தான் தெரியும். போன் போடுங்க.”