தட்டக் கூடாத மண்டபம்

முன்பு மாங்கோட்டை என்றொரு நாட்டை உதயகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். எந்த நூற்றாண்டு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சுவர் பூசும் சுண்ணாம்பை நான்கு மாதம் ஊறவைத்த காலம் என்று மட்டும் சொல்லலாம்.

அரசருக்கு நினைத்தது நினைத்த நாளில் நடக்க வேண்டும். "என் மகளின் நிச்சயதார்த்தம் புது மண்டபத்தில்தான். இன்றைக்கு நாற்பதாம் நாள், வெள்ளிக்கிழமை" என்று அறிவித்துவிட்டார். மண்டபமோ வெறும் செங்கல்லும் கூரையுமாக நின்றது.

உள்வேலையை ஏற்றவர் அரண்மனைக் கட்டட வேலைகளின் தலைவர் கம்பீரராயர். அமைச்சர் மாசாத்தரின் இருக்கை தன்னுடையதைவிட அரசருக்கு இரண்டு சாண் பக்கத்தில் இருப்பதை எட்டு வருடமாகக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தவர். முப்பத்தெட்டாம் நாளே, "முடிந்தது, மகாராஜா!" என்றார். சுவர்கள் பளபளத்தன. அரசர் அதில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். சிம்மாசனத்துக்கு நேர் மேலே, விதானத்தில், வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுதையால் செய்த தாமரை ஒன்று விரிந்திருந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். புது மண்டபத்தை அமைச்சர் சோதித்து, வாசல் நிலையில் சந்தன முத்திரை பதித்த பிறகுதான் உள்ளே விளக்கேற்றலாம். மாசாத்தர் போனார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். 'டக்' என்றது. நல்லது. இரண்டடி தள்ளித் தட்டினார். 'டொப்' என்றது. சுவரை விட்டுப் பூச்சு பிரிந்து நின்றால்தான் அந்தச் சத்தம் வரும். நீண்ட கழியால் தாமரையைத் தொட்டார். அதுவும் 'டொப்'.

வெளியே சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருந்த பொன்னுருவியிடம் மெல்ல விசாரித்தார்.

"கடுக்காய்த் தண்ணியில நாலு மாசம் ஊறணும் சாமி. பதினோராம் நாளே வாரிக்கிட்டுப் போயிட்டாங்க. 'மேலே பளபளப்பு ஏத்திட்டா யாருக்குத் தெரியும்'னு ராயர் சொன்னாரு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க!"

மாசாத்தர் சபைக்குள் நுழைவதற்குள் கம்பீரராயர் முந்திக்கொண்டிருந்தார்.

"என்ன அமைச்சரே," என்றார் அரசர், "சந்தையில் தேங்காய் வாங்குகிறவரைப் போல என் சுவரைத் தட்டுகிறீராமே?"

"பூச்சு பிடிக்கவில்லை, மகாராஜா. ஓரிடத்தில் பெயர்த்துக் காட்டட்டுமா?"

"பெயர்ப்பதா!" கம்பீரராயர் காதைப் பொத்திக்கொண்டார். "ஆயிரம் வருடம் நிற்கும் மண்டபம், மகாராஜா. அமைச்சருக்கு எரிச்சல், வேறொன்றுமில்லை."

அரசர் கையை உயர்த்தினார். "இனி ஒரு கையோ கழியோ அந்தச் சுவரைத் தொடக் கூடாது. நாளை மறுநாள் காலைக்குள் முத்திரை விழ வேண்டும். காரணம் காட்டாமல் மறுத்தால் நீர் நாட்டு எல்லையைத் தாண்டிப் போய்விடலாம். முத்திரையை ராயர் பதிப்பார்."

மாசாத்தருக்குச் சோறு இறங்கவில்லை. முத்திரை பதித்தால் அரசரும் மகளும் தாமரைக்கு அடியில் உட்காருவார்கள். மறுத்தாலும் அங்கேதான் உட்காருவார்கள். தடுக்கத் தான் மட்டும் இருக்கமாட்டோம். யோசித்தபடியே தண்ணீர்ச் செம்பை விரலால் தட்டினார்.

"அது பித்தளை. உடையாது, குடியுங்கள்" என்றாள் மனைவி.

வியாழன் காலை அவர் அரசரிடம் போனார். "மகாராஜா, முத்திரைக்கு முன் ஒரு ஒத்திகை மட்டும். முரசும் தவிலும் முழங்கட்டும். யாரும் சுவரைத் தொட வேண்டாம். தங்கள் இடத்தில் ராயர் அமரட்டும். மண்டபத்தை முடித்தவருக்கு அந்த மரியாதை கூடாதா?"

அரசருக்கு யோசனை பிடித்துவிட்டது. கம்பீரராயருக்கும் பிடித்தது. சிம்மாசனம் அல்லவா? உட்கார்ந்த பிறகுதான் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

"நீர் எங்கே நிற்கப்போகிறீர், அமைச்சரே?"

"உங்கள் பக்கத்தில்தான், ராயரே."

ராயர் எழுந்து ஓடுவார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மாசாத்தர் அங்கே நின்றார். வீம்புக்கு உட்கார்ந்துவிட்டால் இருவருக்கும் சேர்த்துத்தான் தாமரை.

முரசு முழங்கியது. ராயரின் தோளில் வெள்ளைப் பொடி கொஞ்சம் உதிர்ந்தது. அவர் அதை ஊதிவிட்டார். தவில் சேர்ந்துகொண்டது. இம்முறை மடியில் உதிர்ந்தது.

"கொஞ்சம் மெதுவாக அடிக்கச் சொல்லலாமே!"

"ஏன் ராயரே?" என்றார் அரசர், தூரத்திலிருந்து.

"காது... காது வலிக்கிறது, மகாராஜா. சிம்மாசனத்தை நாலடி தள்ளிப் போட்டால் நன்றாக இருக்கும்."

"ஆயிரம் வருடம் நிற்கும் என்றீரே! இன்னும் ஓங்கி அடியுங்கள்!"

மூன்றாவது முழக்கத்தில் கம்பீரராயர் துள்ளி எழுந்து, மேலாடை ஒரு பக்கம் தலைப்பாகை ஒரு பக்கமாக வாசலுக்கு ஓடினார். மாசாத்தர் வயதை மறந்து அவரை முந்தினார். திகைத்துப்போன கலைஞர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில், யாரும் தொடாமல், தாமரை பெயர்ந்து சிம்மாசனத்தின் மேல் விழுந்தது. கைப்பிடி இரண்டும் நொறுங்கின.

புழுதி அடங்கியதும் அரசர் நொறுங்கிய கைப்பிடித் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு, "நிச்சயதார்த்தம் பழைய மண்டபத்தில்" என்றார். "ராயரே, புதுச் சுண்ணாம்பு நாளை தொட்டியில் விழும். நான்கு மாதம் நீர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கிளறுவீர். ஊறிவிட்டதா என்பதைச் சுண்ணாம்பு இடிக்கும் பொன்னுருவி சொல்வாள், நீர் அல்ல."

ராயரின் இருக்கை வாசலோரம் போனது. அமைச்சர் பக்கம் திரும்பிய அரசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது விழாமலே இருந்திருந்தால்?"

"நான் எல்லைக்கு அப்பால், காட்டில் இருப்பேன், மகாராஜா. நாளை காலை நீங்களும் இளவரசியும் அதன் அடியில் இருப்பீர்கள். இரண்டுக்கும் பயந்தேன். முதல் பயம் சின்னது."

அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அன்றிலிருந்து எந்த மண்டபத்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். அது மாங்கோட்டையின் வணக்க முறை போலும் என்று நினைத்து அண்டை நாட்டு மன்னர்களும் அவரோடு சேர்ந்து தட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் 'டொப்' என்று கேட்டதும் முகம் வெளுத்து, அன்றே தங்கள் கொத்தனாரை அழைத்துவரச் சொன்னார்களாம்.