பறிமுதலான குட்டி

எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். அந்த அதிகாரி இன்னும் அங்கேதான் இருக்கிறார். மாலத்தீவுக்குத் தோணியேற இருபது ஆடுகள் வந்திருந்தன. சோதனைக்கு நிற்கையிலேயே ஒன்று குட்டி போட்டுவிட்டது.

சுங்க அதிகாரி வைத்தியலிங்கம் கொதித்தார். "ஏற்றுமதி அனுமதி இருபதுக்குத்தான். கால்நடை டாக்டர் சான்றிதழும் இருபதுக்குத்தான். குட்டியை வந்த வழியே உள்ளே அனுப்பு. இல்லாவிட்டால் பறிமுதல்!"

"பச்சமண்ணுய்யா, ஆத்தாகூட விட்டுருங்க" என்றாள், ஆடுகளுக்குத் தீனி போட வந்த பேச்சித்தாய்.

"முடியாது!"

"அப்பச் சரி. எடை போட்டு எடுத்துக்கிடுங்க."

அவரும் குட்டியை மேசைத் தராசில் ஏற்றி, இரண்டு கிலோ என்று எழுதி, முத்திரை குத்தினார்.

"பறிமுதல் சரக்கு எடை மாறக் கூடாதுல்லய்யா? இனி நீங்கதான் பால் குடுக்கணும். கூடக் குடுத்தா, ஏறுன சரக்கு எங்கேருந்து வந்துச்சும்பாங்க. குறைச்சுக் குடுத்தா, அதிகாரி தின்னுட்டாரும்பாங்க."

அந்த நேரம் பார்த்துக் குட்டி தராசிலேயே மூத்திரம் பெய்தது.

"ஐயய்யோ, சரக்கு ஒழுகுதே!" என்று அலறினாள் பேச்சித்தாய்.

வைத்தியலிங்கம் குட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, அதற்குள் தாயாடு ஏற்றப்பட்டிருந்த தோணியைப் பார்த்து ஓடினார். அன்றைக்கு அந்தத் துறைமுகத்தில் நடந்த ஒரே கடத்தல் அதுதான்.