வேலி இல்லாத படம்

ஓர் ஊரில் ஒரு கேமராவும் ஒரு மைக்கும் சேர்ந்து வேலை பார்த்தன. கேமராவுக்கு இளகின மனசு. மைக்குக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. யார் கையில் எடுக்கிறாரோ அவர் பேச்சுதான் அதன் பேச்சு.

அந்த ஊரில் சுடுகாட்டுக்குப் போகும் பொதுப்பாதையை ஆவுடைநாயகம் என்ற பெரிய மனிதர் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். கீழத்தெருக்காரர்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு மார்பளவு வாய்க்கால் தண்ணீரில் இறங்கினார்கள். அதைத் தட்டிக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். கீழத்தெரு முத்துப்பேச்சி பேசினாள்.

"எங்கம்மாவத் தண்ணிக்குள்ளதான் கொண்டு போனோம். பாதியில பாடை சரிஞ்சிருச்சு" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அழ வரல. அது பொதுப்பாதை, சர்க்கார் வரைபடத்துலயே இருக்கு. வேலியப் பிரிக்கணும். அது எங்க உரிமை."

கேமரா எல்லாவற்றையும் பிடித்தது. அப்புறம் படம் வெட்டும் கத்தரியிடம் போனது.

"அழுகை வரைக்கும் போதும்" என்றது கத்தரி.

"வேலியைப் பற்றிச் சொன்னாளே?"

"உரிமை, வரைபடம் என்று ஆரம்பித்தால் சனம் கொட்டாவி விடும். கண்ணீர் விட்டால்தான் மனசு மாறும்."

கேமரா மைக்கைப் பார்த்தது.

"எனக்கு எல்லாம் சத்தம்தான்" என்றது மைக்.

கேமராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் கத்தரி விவரம் தெரிந்தது, அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் படம் போட்டார்கள். அழாதவர் இல்லை. முன்வரிசையில் ஆவுடைநாயகம் துண்டால் முகத்தை மூடி விம்மினார். கேமராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே வேலி போய்விடும் என்று நினைத்தது.

ஆவுடைநாயகம் எழுந்தார். "அந்தப் பாழாப்போன வாய்க்கால் இம்புட்டுப் பாடுபடுத்துதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. பாடை கொண்டு போக நான் ஒரு படகு வாங்கித் தாரேன்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கேமரா குழம்பிப்போனது. அவர் அழுதது நிஜம். கொடுப்பதும் நிஜம்தான். பிறகு எது குறைகிறது?

"ஐயா, வேலி?" என்று முத்துப்பேச்சி கேட்டாள். பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு மைக்கைத் தேடி வந்தாள்.

மைக் ஆவுடைநாயகத்தின் கையில் இருந்தது.